பொங்கோல் (சிங்கப்பூர்) நாட்குறிப்பு: ஜூலை, ஆகஸ்டு 2025

ஜூலை 12, சனி

அக்கா மகள் முட்டியில் அடிபட்ட பிறகு மறுபடி வேக்போர்டில் ஏற, போட் இழுக்கும் கயிற்றைப் பிடித்துப் பலகையில் நின்று ஓட, டாக்டர் சரி என்றுவிட்டார். நேராக ஓடலாம், அலையில் ஏறிக் குதிக்கக் கூடாது. அங்கேயே "அப்போ டபுள்-அப் எப்போ?" என்று கேட்டாளாம். போட் வட்டமடித்துத் தன் அலையையே வெட்டி, இரண்டு அலையை ஒன்றன் மேல் ஒன்று ஏற்றித் தருவது அது. போனில் சொல்லும்போதே அக்காவுக்குக் குரல் கம்மியது.

ஜூலை 13, ஞாயிறு

விடிந்ததுமே இறங்கிவிட்டோம். காற்று தெற்கிலிருந்து, நம் கரையோரம் தண்ணீர் மடிப்பில்லாமல் கிடந்தது. கயிற்றை 16 மீட்டருக்குச் சுருக்கினேன். போட்டைக் கனமாக்கி அலையைப் பெரிதாக்கும் பேலஸ்ட் பைகளில் தண்ணீர் ஏற்றவில்லை. வேகம் 29-க்கு மேல் கிடையாது என்று கரையிலேயே சொல்லிவிட்டேன். அடிபடுவதற்கு முன்னால் அவளுக்கு 21 மீட்டர் கயிறு, 36 கிலோமீட்டர் வேகம். ஒன்று குறைந்தாலும் கத்துவாள்.

கயிறு தொய்ந்து கிடக்கும்போது வேகம் கூட்டும் த்ராட்டிலைத் தள்ளினால் ஒரு வெட்டு வெட்டி இழுக்கும். அந்த வெட்டு முதலில் போய்ச் சேரும் இடம் முட்டி. கியரைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டு, அங்குலம் அங்குலமாக முன்னால் போனேன். கயிறு தண்ணீரை விட்டு எழுந்து விறைக்கும்போது அதன் நீளம் முழுக்கத் துளிகள் தெறித்து விழும். அதற்கப்புறம்தான் என் கை அசையும். "போங்க மாமா" என்றாள். தள்ளினேன். எழுந்துவிட்டாள். பின்னால் பார்த்துக்கொண்டிருந்த தம்பி "எந்திரிச்சிட்டா! எந்திரிச்சிட்டா!" என்று கத்தினான். நான் திரும்பவில்லை. ஓட்டுகிறவன் முன்னால்தான் பார்க்க வேண்டும், பின்னால் பார்க்கத்தான் ஒரு ஆளை உட்கார வைத்திருக்கிறோம். கண்ணாடியில் ஒரு நொடி, அவ்வளவுதான்.

கண் கலங்கியது. உப்புத் தண்ணீர் என்று தம்பியிடம் சொன்னேன்.

ஜூலை 14, திங்கள்

முட்டி வீங்கவில்லை. காலையிலும் மாலையிலும் கேட்டுவிட்டேன்.

ஜூலை 19, சனி

சுமத்ரா காற்று. நாலரைக்கே மழை அடித்து எழுப்பிவிட்டது. எட்டு மணிக்கு வானம் வெளுத்தாலும் போகவில்லை. அவளுக்குக் கோபம். மேற்கே இன்னும் கறுப்பாக இருக்கிறது, இந்தக் காற்று மணிக்கு 80 கிலோமீட்டர் வரை வீசும் என்றேன். "முட்டிக்குப் பயந்து காற்றைச் சாக்கு சொல்றீங்க" என்றாள். பதில் சொல்லவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது.

புலாவ் கெத்தாம் தீவுப் பக்கம் மீன் பண்ணைகளை விட்டு நன்றாகத் தள்ளியே ஓடிக்கொண்டிருந்தோம். எதிரே இன்னொரு போட். பாட்டு எதிர்க்கரை ஜோகூர் வரைக்கும் கேட்டிருக்கும். அவர்கள் ஆள் விழுந்தான். ஓட்டியவன் வேகத்தைக் குறைக்காமல் அப்படியே ஒரு வட்டமடித்துத் திரும்பினான். அந்த வட்டத்தின் அலை முழுக்க எங்கள் பாதைக்கு வந்தது. நான் மெதுவாகக் குறைத்து அவளைத் தண்ணீரில் உட்கார வைத்துவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் கை நடுங்கியது.

ஆள் விழுந்தால் செய்ய வேண்டியது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நேராகவே வேகத்தைக் குறைக்க வேண்டும். நம் அலை நம்மைத் தாண்டிப் போகட்டும். பிறகு ஐடிலில் திரும்பி, வந்த கோட்டிலேயே போக வேண்டும். விழுந்தவர் ஓட்டுகிறவர் பக்கமாக, கண்ணில் படும்படி இருக்க வேண்டும். கிட்டே வந்ததும் எஞ்சினை அணைத்துவிட வேண்டும், நியூட்ரல் போதாது. அவசரப்பட்டுத் திரும்பினால் மிச்சம் பத்து நொடி. அதற்காக நல்ல தண்ணீரைக் கலக்கி, அடுத்த ஓட்டத்தில் தன் ஆளையே அந்தக் குண்டு குழியில் இழுத்துப் போகிறார்கள். நீர்ச்சறுக்குக் கட்டையாவது விழும்போது காலை விட்டுக் கழன்றுகொள்ளும். வேக்போர்டில் பூட்ஸ் கழலாது. இரண்டு காலும் ஒரே பலகையில் பூட்டியிருக்க, உடம்பு ஒரு பக்கம் திரும்பினால் முறுக்கு எங்கே போகும்? அவளுக்கு ஆனது அதுதானே.

வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை.

ஜூலை 23, புதன்

நாளை ஆடி அமாவாசை. அம்மா அப்பாவுக்குப் படைக்க வாழை இலை வாங்கி வரச் சொன்னாள் அக்கா. இந்த இரண்டு மூன்று நாளும் நீரோட்டம் இழுக்கும். தண்ணீரில் உட்கார்ந்திருப்பவளும் போட்டும் சேர்ந்தே நகர்வதால் நகர்வது தெரியாது. கரையில் ஏதாவது ஒன்றைக் குறி வைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஜூலை 26, சனி

32 கிலோமீட்டர். கயிறு 18 மீட்டர். அலை இப்போதுதான் வடிவத்துக்கு வருகிறது. 29-இல் உச்சி நுரைத்துக் குழைந்துவிடும். வேகம் ஏற ஏற விளிம்பு கெட்டிப்படும். தம்பியின் நண்பன் வந்திருந்தான், படம் எடுக்க இடது பக்கம் சாய்ந்து உட்கார்ந்தான். உடனே ஒரு பக்க அலை கெட்டது. நடுவில் உட்காரச் சொன்னேன். ஒருத்தர் நகர்ந்தால்கூட அங்கே பின்னால் தெரியும். அவள் காலுக்கடியில் இருக்கும் ஒவ்வொரு அலையும் இந்த ஸ்டீயரிங்கிலிருந்து போவது. ஒரு விரல் அகலம் வளைந்தால் அங்கே மேடு மாறும்.

அலையின் உச்சி வரை ஏறி, குதிக்காமல், அப்படியே சறுக்கி இறங்கினாள். குதிக்காமல் இருப்பது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

ஜூலை 27, ஞாயிறு

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பின் தட்டில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தான் அந்தப் பையன். அதட்டிவிட்டேன், முகம் சுருங்கிவிட்டது. பரவாயில்லை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை வெளியே வருவது அந்த இடத்தில்தான். தலை சுற்றித் தண்ணீரில் சரிந்தால் சத்தம்கூடக் கேட்காது.

ஆகஸ்டு 2, சனி

"மாமா, டபுள்-அப்."

"இல்லை."

ஆகஸ்டு 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அக்கா ஐந்து வகை சாதம் கட்டிக் கொடுத்திருந்தாள். எலுமிச்சை சாதத்தைப் போட்டில் வைத்தே சாப்பிட்டோம். எதிர்க்கரையில் பாசிர் கூடாங் துறைமுகத்து கிரேன்கள் வெயிலில் மங்கலாக.

அப்போதுதான் நிதானமாகப் பேசினாள். குதிக்க ஆசைப்பட்டுக் கேட்கவில்லையாம். அன்றைக்கு அடிபட்டது டபுள்-அப்பில். அதற்குப் பிறகு கண்ணை மூடினால் இரண்டு அலையும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி வருவதுதான் தெரிகிறதாம். "நீங்க ஓட்டி, நான் அதை ஒரு தடவை குதிக்காம கடந்துட்டா போதும் மாமா."

அன்றைக்கு ஓட்டியது நான் இல்லை. டபுள்-அப்புக்கு வட்டம் ஒரே அளவாக, ஒரே வேகத்தில் வர வேண்டும். முன்பு போட்ட அலையைச் சரியான கோணத்தில் வெட்ட வேண்டும். வட்டத்தின் பாதியில் த்ராட்டிலைக் குறைத்தால் கயிறு தொய்யும், ஏற்றினால் சுண்டும். அலை தலைக்கு மேலே தூக்கும் இடத்தில் ஆள் இருக்கும்போது கயிறு தொய்ந்திருந்தால் என்ன ஆகும் என்று எங்கள் குடும்பத்துக்குத் தெரியும்.

தூக்கம் வரவில்லை. படுக்கையிலேயே வலது கையால் த்ராட்டிலைப் பிடித்து வட்டம் போட்டுப் பார்க்கிறேன்.

ஆகஸ்டு 6, புதன்

வேலை முடிந்து ஆள் இழுக்காமல் தனியாகப் போய் வட்டம் போட்டேன். பெரிய வட்டம், குறைந்த வேகம், பேலஸ்ட் இல்லாமல். அலை முழங்கால் உயரம்கூட வரவில்லை. அந்த அளவுக்குப் போதும் என்று தோன்றுகிறது. தோன்றுவது போதுமா?

ஆகஸ்டு 9, சனி

தேசிய தினம், கடலே நெரிசல். இறங்கவில்லை. இன்று பௌர்ணமி வேறு.

ஆகஸ்டு 10, ஞாயிறு

செவ்வாய்க்கிழமை பிசியோவில் ஒற்றைக்கால் தாவல் சோதனை. இரண்டு காலும் ஏறக்குறைய ஒரே தூரம் தாவ வேண்டும். அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சரி என்றாள், சண்டை போடவில்லை. அக்காவிடம் நான்தான் பேச வேண்டும், போனில் வேண்டாம், நேரில்.

போட்டுக்குக் குளிர்நீர் பம்பின் இம்பெல்லர் மாற்ற வேண்டும். நாளைக்கே சொல்ல வேண்டும்.