இடமில்லாமல் போன பெயர்கள்

ஜமைக்காவின் மான்டிகோ பேயில் ஷேர் டாக்ஸி ஓட்டுநரிடம், "சீஃபோர்ட் டவுன்" என்றேன். "ஜெர்மன் டவுனா?" என்று திருத்தினார். உடன் வந்த ஜெர்மானியத் தோழியின் முகம் மலர்ந்தது. 'ஜமைக்காவுக்குப் போனவர்' என்று அவர் வீட்டில் முன்னோர் ஒருவரைச் சொல்வார்களாம். குடும்பப் பெயரைத் தவிர வேறு தடயம் இல்லை. மலைப்பாதையின் வளைவுகளில் எனக்குக் குடல் புரண்டது. அவரோ ஜன்னலை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

ஜெர்மானியர்கள் இங்கே வந்த கதை அவ்வளவு அழகானதல்ல. 1834இல் பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. விடுதலையானவர்கள் மலையில் காடு திருத்திச் சொந்தமாகப் பயிரிட்டால் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் கிடைக்காதே என்று முதலாளிகள் பயந்தார்கள். முந்திக்கொண்டு அந்த நிலத்தில் ஐரோப்பியரைக் குடியேற்ற முனைந்தார்கள். சீஃபோர்ட் பிரபு தன் மான்ட்பீலியர் தோட்டத்திலிருந்து 500 ஏக்கர் ஒதுக்கினார். வட ஜெர்மனியின் ஏழைக் குடும்பங்கள் அந்நாட்டுத் துறைமுகமான பிரேமனில் கப்பலேறி வந்து இறங்கின. தருவதாகச் சொன்ன வீடுகளில் பெரும்பாலானவை கட்டப்படவே இல்லை. காய்ச்சலில் பலர் மாண்டார்கள். சிலர் அமெரிக்காவுக்குக் கிளம்பிவிட்டார்கள். முதலாளிகளின் கணக்குக்கு இந்த ஏழைகள் வெறும் வேலிக் கற்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தோழி முதலில் தேடியது பிரேமனில். மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட பயணிகள் பட்டியல்களை வைக்க இடமில்லை என்று 1875 முதல் அங்கே அழித்துவந்திருக்கிறார்கள். ஜமைக்காவில் அரசின் பிறப்பு, இறப்புப் பதிவு 1878இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய காலத்துக்குத் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடுகளே கதி. அதிலும் எழுதியவர் காதில் விழுந்ததுதான் எழுத்து. எல்டர்மேயர் இந்தத் தீவில் எல்டமைர் ஆகிவிட்டது. அதனால் தோழி தன் குடும்பப் பெயரை ஏழு விதமாக எழுதிக் கையில் வைத்திருந்தார்.

குன்றின் மேல் கத்தோலிக்கத் தேவாலயம். கல்லறைகளில் பாதி எழுத்து மழையில் கரைந்திருந்தது. விரலால் தடவித் தடவி ஒரு மணி நேரம் படித்தோம். ஒன்றும் சிக்கவில்லை.

வாசலில் இஞ்சி காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி எங்களைக் கூப்பிட்டார். நீலக் கண்கள், பேச்சு முழுக்க ஜமைக்காவின் பேச்சுமொழியான பட்வா. ஜெர்மன் ஒரு சொல்லும் தெரியாது. தாளை வாங்கி, உதட்டை அசைத்து ஒவ்வொன்றாகப் படித்தவர், ஐந்தாவது பெயரில் விரலை வைத்தார்.

"இவர்களா? அந்த வளைவில்தான் வீடு. எல்லாரும் கனடா போய்விட்டார்களே!"

தோழி சிரித்துவிட்டார். பிறகு தாளைத் திருப்பி, பேனா இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார்.