ராஜா கதைய விட கணக்கு நோட்டு மேல்

இங்கிலாந்துல பொதுமக்களுக்கான லெக்சர் நடக்குற ஹால்கள்ல மைக், புரொஜெக்டர் பாத்துக்குறது என் வேலை. அதுல சர்ச் வரலாறு பத்தின பேச்சுதான் அடிக்கடி வரும், கேக்க வர்றவங்க பெரும்பாலும் ரிட்டயர் ஆனவங்க. எட்டாம் ஹென்றி, 1534ல போப்ப விட்டுட்டு ராஜாவே சர்ச்சுக்கு தலைவர்னு சட்டம், 1536ல இருந்து 1540க்குள்ள மடங்கள் எல்லாத்தையும் மூடினது, இதெல்லாம் அவங்க ஸ்கூல்லயே படிச்சது, அதையே திரும்ப சொல்ற பேச்சாளர்னா பின் வரிசைல தூக்கம் ஆரம்பிச்சிரும்.

அதே ஆளுங்க மோர்பாத் கதை வந்தா நிமிந்து உக்காருவாங்க. தென்மேற்கு இங்கிலாந்துல இருக்குற டெவன்ல சின்ன கிராமம், முப்பத்து சொச்சம் குடும்பம்தான். 1520ல அங்க வந்த பங்குச்சாமி கிறிஸ்டோபர் டிரிக்கி 1574ல சாகுற வரைக்கும் அங்கயேதான் இருந்தார், சர்ச் வரவு செலவையும் அவரே எழுதி வச்சார். ஒவ்வொரு புனிதருக்கும் தனி நிதி, அதுக்குன்னு ஆடுங்க, அத ஊர்க்காரங்க வீட்டுக்கு வீடு வளப்பாங்க, உரோமம் வித்த காசு சர்ச்சுக்கு. செத்தவங்களுக்கான பூசைக்கு கருப்பு அங்கி வாங்கணும்னு இவர் இருபது வருஷம் காசு சேத்து கடைசில 1547ல வாங்குறார், அந்த வருஷமே ஹென்றி செத்து பையன் எட்வர்ட் ஆட்சி வருது, சர்ச் புராட்டஸ்டண்ட் பக்கம் சாய்ஞ்சு கொஞ்ச நாள்லயே அந்த பூசையே கூடாதுன்னுட்டாங்க. பாவம் மனுசன்.

1549ல லத்தீன் பூசைய எடுத்துட்டு இங்கிலீஷ் ஜெப புத்தகம் கொண்டு வந்தப்ப டெவனும் பக்கத்து கார்ன்வாலும் எதிர்த்து கிளம்பிருச்சு. மோர்பாத்தும் எக்ஸிட்டர் நகரத்துக்கு பக்கத்துல இருந்த கலகக்காரங்க முகாமுக்கு அஞ்சு பேர அனுப்புது, அந்த செலவும் நோட்டுல ஏறியிருக்கு! அரசாங்கத்துக்கு எதிரா போன செலவ சர்ச் கணக்குலயே எழுதுறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும், இல்ல எவ்வளவு அப்பாவித்தனம் வேணும்னு எனக்கு இன்னும் பிடிபடல. அப்புறம் 1553ல மேரி ராணி வந்து பழைய கத்தோலிக்க மதம் திரும்பினதும், வீட்டுல ஒளிச்சு வச்ச சாமான ஜனங்க ஒவ்வொண்ணா கொண்டாந்து குடுத்துருக்காங்க. எலிசபெத் வந்ததும் மறுபடி எல்லாம் போச்சு, பங்குச்சாமி மட்டும் ஊர விட்டு போகல.

கேள்வி நேரத்துல யாராவது ஒருத்தர் கண்டிப்பா கேப்பாங்க, அவர் வேலைய காப்பாத்திக்க வளைஞ்சு குடுத்தாரான்னு. சில பேச்சாளர்கள் ரொம்ப கறாரா ஆமாம்பாங்க. எனக்கு அப்படி தோணல, அவருக்கு ரோம், லண்டன் ரெண்டையும் விட அந்த முப்பது வீடுதான் முக்கியமா இருந்திருக்கும்.

இந்த கணக்க அவர் எழுதினதே பங்கு மக்கள கூட்டி சத்தமா வாசிச்சு காட்டத்தான். அதனால இப்ப ஸ்லைடு செக் பண்றப்ப நானே பேச்சாளர்கள்கிட்ட சொல்லிருவேன், அந்த பக்கத்த சும்மா போட்டோவா காட்டாதீங்க, மைக்க கிட்ட வச்சு நாலு வரி வாசிங்கன்னு.