சிங்கப்பூர்ப் பிள்ளைகளை வழியனுப்பும் வாரம்

ஜூன் 13, 2024, வியாழன்

திருநெல்வேலி மாவட்டம், சேரன்மகாதேவிப் பக்கத்துத் தொடக்கப் பள்ளி. சிங்கப்பூரிலிருந்து தொண்டு செய்ய வந்திருப்பவர்கள் 16 மாணவர்கள், 2 ஆசிரியர்கள். வந்தது 10-ஆம் தேதி, கிளம்புவது 20. அவர்களுக்கு அங்கே ஜூன் விடுமுறை. இங்கே வெயிலால் தள்ளிப்போன பள்ளித் திறப்பும் இந்த வருஷம் அதே 10-ஆம் தேதியில் விழுந்தது. மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை 42 பிள்ளைகளுக்குப் புது வகுப்பும் இந்த அக்கா அண்ணன்களும் ஒரே நாளில் வந்திருக்கிறார்கள். அதனால் பிரிவும் கூடுதலாக உறைக்கும்.

வழியனுப்புதல் கடைசி நாள் வேலை இல்லை, முதல் நாளிலேயே தொடங்க வேண்டியது. 10-ஆம் தேதி காலையில் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரு கயிறு கட்டி 11 பனை ஓலைத் துண்டுகளைத் தொங்கவிட்டாயிற்று. தினமும் காலையில் ஒரு பிள்ளை ஒன்றைக் கழற்றும். இன்றோடு நான்கு போயிற்று, மீதி ஏழு. எட்டு வயதுப் பிள்ளைக்கு 'அடுத்த வியாழக்கிழமை' என்றால் மனசில் ஏறாது. கண்ணெதிரே குறைகிற ஓலை ஏறும். கழற்றிய ஓலையைத் தூக்கிப் போடக் கூடாது, 18-ஆம் தேதி அதற்கு வேலை இருக்கிறது.

ஜூன் 14, வெள்ளி

இன்று மாலை முழுக்க ஒரே ஒரு வார்த்தையைப் பற்றிய பேச்சு. நம்ம ஊரில் யாரும் 'போறேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்புவதில்லை. 'போயிட்டு வாரேன்', அல்லது வெறும் 'வாரேன்'. வந்திருப்பவர்களில் தமிழ் பேசுகிற பிள்ளைகள் ஐந்து பேர் இதைக் கற்றுக்கொண்டு ஆசையாகச் சொல்கிறார்கள். சொல்லட்டும், அது மரியாதை. ஆனால் பின்னாடியே ஒரு கேள்வி வரும்: "எப்பக்கா வருவிய?"

அந்தக் கேள்விக்கான பதிலை 18 பேரும் ஒரே மாதிரி வைத்திருக்க வேண்டும். ஒருத்தர் 'அடுத்த வருஷம்' என்று சொல்லி, இன்னொருத்தர் 'சீக்கிரம்' என்று சொன்னால், பிள்ளைகள் இரண்டையும் எண்ணிக்கொண்டு காத்திருக்கும். முடிவு செய்த பதில் இதுதான்: "நாங்க திரும்பி வர மாட்டோம். ஊருக்குப் போய் எல்லாரும் சேர்ந்து ஒரு கடிதம் போடுவோம். உங்க டீச்சர் இங்கேயே இருப்பாங்க." தமிழ் தெரியாத 11 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் இந்த மூன்று வாக்கியங்களையும் மனப்பாடம் செய்கிறார்கள். கேட்கக் கடுமையாக இருக்கிறது என்று சிலருக்குத் தயக்கம். பொய்யான தேதி இதைவிடக் கடுமை. தினமும் வாசலைப் பார்க்கிற பிள்ளையைச் சமாளிப்பது வகுப்பு டீச்சர்தான், கிளம்பிப் போனவர்கள் அல்ல.

கைபேசி எண், சமூக வலைத்தளக் கணக்கு எதையும் பிள்ளைகளிடம் கொடுக்கவும் வாங்கவும் கூடாது. தொடர்பு பள்ளி முகவரிக்கு மட்டும்.

ஜூன் 15, சனி

பத்தமடைக்குப் பாய் வாங்கப் போயாயிற்று. கடைசி நேரத்துக்குத் தள்ளியிருந்தால் கிடைத்திருக்காது. பாய் நெய்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் முஸ்லிம் குடும்பங்கள், 17-ஆம் தேதி பக்ரீத். இரண்டு நாளாவது தறி ஓடாது.

கோரையைக் கிழித்து ஊறவைத்துப் பருத்தி நூல் பாவில் நெய்வது. நயம் பாய் துணி மாதிரி வளையும், ஆனாலும் மடிக்க வேண்டாம், மடித்த கோட்டில் கோரை முறியும். முரட்டுப் பாய் மடித்தால் கட்டாயம் முறியும். சுருட்டி, துணிக்கடையில் துணி சுற்றி வருகிற அட்டைக் குழாயில் செருகிவிடுவது நல்லது. கேட்டால் சும்மாவே தருவார்கள். இப்போது சாரல் காற்று வீசுகிறது, ஈரத்தோடு பிளாஸ்டிக்கில் சுற்றினால் நாலு நாளில் பூஞ்சை பிடிக்கும். முதலில் நிழலில் ஒரு நாள் விரித்துப் போட வேண்டும். ஆளுக்கு ஒரு சின்னப் பாய், மொத்தம் 18. பள்ளி சார்பில் கொடுக்கிற அன்பளிப்பு இது மட்டும்தான்.

எதிர்த்திசையில் வருகிற அன்பளிப்புதான் சிக்கல். தனக்குப் பிடித்த பிள்ளைக்கு ஒரு பேனா, ஒரு சாக்லேட், கைக்கடிகாரம் என்று மாணவர்கள் ஆசையாகக் கொடுத்துவிடுவார்கள். கிடைக்காத பிள்ளை அழும். கிடைத்த பிள்ளையிடமிருந்து மறுநாள் யாராவது பிடுங்குவார்கள். எனவே தனியாள் பரிசு கிடையாது. கொடுப்பதை வகுப்புக்குக் கொடுக்கலாம்: இரண்டு வாலிபால், ஒரு காற்றடிக்கும் பம்பு, பம்புக்கு உபரியாக இரண்டு ஊசி. ஊசி இல்லாமல் பந்து மட்டும் கொடுத்தால் ஒரே மாதத்தில் காற்றுப் போய் மூலையில் கிடக்கும்.

ஜூன் 16, ஞாயிறு

ஓய்வு. துணி துவைப்பு. விட்டுவிட்டுப் போக நினைக்கிற துணிகள் துவைத்து, பொத்தான் பார்த்து, மடித்துத் தலைமையாசிரியையிடம். அழுக்குத் துணியை யாருக்கும் கொடுப்பதில்லை. மிச்ச மாத்திரைகள் ஒன்றுகூட இங்கே தங்கக் கூடாது, அவரவர் பையிலேயே திரும்பும்.

ஜூன் 17, திங்கள், பக்ரீத் விடுமுறை

பள்ளி இல்லை, சுவர் வேலைக்கு நல்ல நாள். இன்றைக்குப் பிறகு புது வேலை எதுவும் தொடங்குவதில்லை என்பது விதி. பாதியில் நிற்கும் சுவரைப் போல மோசமான விடைபெறல் வேறில்லை. பிள்ளைகள் அதை வருஷம் முழுக்கப் பார்ப்பார்கள்.

சுவர் 20 அடி நீளம், 8 அடி உயரம், 160 சதுர அடி. சொரசொரப்பான பள்ளிச் சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் ஒரு பூச்சுக்கு 80, 90 சதுர அடிதான் வரும். டப்பாவில் போட்டிருக்கும் கணக்கு வழவழப்பான சுவருக்கு. இரண்டு பூச்சுக்கு 4 லிட்டர், அதற்கு முன் பிரைமர் 2 லிட்டர். பழைய சுண்ணாம்பை இரும்புப் பட்டையால் சுரண்டாமல் மேலே அடித்தால் சுண்ணாம்போடு சேர்ந்து தகடு தகடாக உரியும். தண்ணீரில் கழுவிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு, போதாது.

ஈரம் பார்க்க ஒரு வழி: ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ராத்திரி விட வேண்டும். காலையில் உள்பக்கம் துளி கட்டியிருந்தால் அந்த இடத்தில் பிரைமர் வேண்டாம். நேற்று ராத்திரி ஒட்டிய தாளில் கீழே ஒன்றரை அடி உயரத்துக்குத் துளி. அந்தப் பகுதியை அடிக்காமல் விட்டு, மேலே ஒரு கோடு போட்டு முடித்திருக்கிறது. பார்க்க வேண்டுமென்றே விட்டது போலவே இருக்கிறது.

மிஞ்சிய பெயிண்ட்: தண்ணீர் கலந்ததை டப்பாவில் திருப்பி ஊற்றக் கூடாது, நாறிப்போகும். கலக்காததை மூடி, மூடியின் மேல் நிறத்தின் எண், எந்தச் சுவர், தேதி மூன்றையும் எழுதியாயிற்று. அடுத்த வருஷம் கீறல் விழுந்தால் அதே நிறம் வாங்க அந்த எண் இல்லாமல் முடியாது.

ஜூன் 18, செவ்வாய்

நூலகம் ஒப்படைப்பு. 310 புத்தகம், எல்லாவற்றுக்கும் எண் ஒட்டி ஒரு பதிவேடு. கணினியில் பட்டியல் போடலாம் என்று மாணவர்கள் கேட்டார்கள். வேண்டாம், கணினி நின்றால் நூலகமும் நின்றுவிடும். கோடு போட்ட நோட்டில் நாலு கட்டம்: எண், பெயர், எடுத்த தேதி, கொடுத்த தேதி. ஐந்தாம் வகுப்பிலிருந்து நாலு பிள்ளைகள் பொறுப்பு. இன்று முழுக்க அவர்களே புத்தகம் கொடுத்து வாங்கினார்கள், சிங்கப்பூர் மாணவர்கள் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்கள். இந்த ஒரு நாள் கட்டாயம் வேண்டும். கடைசி நாள் வரை தாங்களே செய்துவிட்டுச் சாவியை மட்டும் நீட்டினால், மறுவாரம் அலமாரி பூட்டியே கிடக்கும்.

சாயந்திரம் ஓலைக் காற்றாடி. கயிற்றிலிருந்து கழற்றிய துண்டுகளோடு புதுக் குருத்தோலையும் வெட்டியாயிற்று. இரண்டு ஓலைப் பட்டைகளைக் குறுக்கே கோத்து நடுவில் உடைமுள்ளைக் குத்தி ஒரு குச்சியில் செருகினால் காற்றாடி. பழைய ஓலை காய்ந்திருந்தால் மடிக்கும்போது வெடிக்கும், கால் மணி நேரம் தண்ணீரில் போட்டால் சரியாகும். முள் விமானப் பையில் போக வேண்டாம், அதற்குப் பதில் ஈர்க்குச்சி. ஆளுக்கு ஒன்று, பிள்ளைகள் கையால். காசு செலவில்லாத இந்தப் பரிசைத்தான் எல்லாரும் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள்.

ஜூன் 19, புதன்

விடைபெறும் கூட்டம் இன்றுதான், நாளைக்கு இல்லை. பஸ் கிளம்பும் நேரத்தில் வைத்தால் பேச்சும் அழுகையும் ஓட்டுநர் ஹாரனும் ஒன்றாகிவிடும். காலை 10.30-க்குத் தொடங்கி 40 நிமிஷம். பேச்சு மூன்றே பேர். மாலை, பொன்னாடை இல்லை. பிள்ளைகள் ஒரு பாட்டு, வந்தவர்கள் ஒரு பாட்டு, காற்றாடி, முடிந்தது. புகைப்படம் பெற்றோர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிள்ளைகளோடு மட்டும், குழுவாக. பள்ளியின் பெயர்ப் பலகையும் பிள்ளை முகமும் ஒரே படத்தில் வரக் கூடாது.

பிறகு சாப்பாடு, சொதி. கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்தில் நெல்வேலிச் சீமையில் போடுகிற குழம்பு. வந்தவர்களைத் திருப்தியாக அனுப்பிவைக்க இதைவிடப் பொருத்தமான சாப்பாடு இல்லை. மாமிசம் கிடையாது என்பதால் யாரும் ஒதுங்கி உட்கார வேண்டியதுமில்லை.

68 பேருக்கு: தேங்காய் 17, பாசிப்பருப்பு 1 கிலோ, உருளை 3 கிலோ, கேரட்டும் பீன்ஸும் இரண்டிரண்டு கிலோ, முருங்கைக்காய் 15, பூண்டு, சின்ன வெங்காயம், இஞ்சி கால் கிலோ, பச்சை மிளகாய் கால் கிலோ, எலுமிச்சை 12, அரிசி 8 கிலோ. வழக்கமான காரத்தில் பாதிதான் இது, சின்னப் பிள்ளைகளும் வெளியூர் நாக்கும் இருப்பதால்.

தேங்காய்ப் பாலை மூன்று முறை பிழிந்து தனித்தனியாக வைக்க வேண்டும். மூன்றாம் பாலில் காய் வேகும். வேகவைத்து மசித்த பருப்பு, அரைத்த இஞ்சி மிளகாய், அப்புறம் இரண்டாம் பால், ஒரு கொதி. தீயைக் குறைத்து முதல் பால், ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். முதல் பால் தளதளவென்று கொதித்தால் திரிந்து எண்ணெய் பிரியும், அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. எலுமிச்சைச் சாறு இறக்கிச் சூடு கொஞ்சம் தணிந்த பிறகு. பெரிய பாத்திரத்தில் அடியில் சூடு நிற்கும், அதனால் இறக்கினாலும் ஐந்து நிமிஷம் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சத்துணவு அக்கா சொன்னது சரி. தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல், உருளைக்கிழங்குப் பொரியல். சொதியைச் சாயந்திரத்துக்கு எடுத்து வைக்கக் கூடாது, இந்த வெக்கையில் தேங்காய்ப் பால் தாங்காது.

மூட்டை கட்டுவது மாலை 4-க்கு. அல்வா: நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடை சாயந்திரம்தான் திறக்கும், ஆனித் திருவிழா நடக்கிற வாரத்தில் ரத வீதியில் வண்டியோடு நுழைவது நடக்காத காரியம். ஒருத்தரை மட்டும் பைக்கில் அனுப்பி எல்லாருக்கும் சேர்த்து வாங்கியாயிற்று. அரைக் கிலோ டப்பா, மேலே இரண்டு ஜிப் பை, ஏனென்றால் நெய் கசிந்தே தீரும். ஒப்படைக்கிற பெட்டியில்தான் வைக்க வேண்டும். கைப்பையில் இருந்தால் கூழ் மாதிரிப் பொருள் என்று சோதனையில் நிறுத்துவார்கள். ஊரில் போய் ஃபிரிட்ஜில் வைத்தால் நெய் உறையும், லேசாகச் சூடு காட்டிச் சாப்பிடலாம்.

கொப்பரைத் தேங்காயை யாரும் எடுத்துப் போகக் கூடாது. எண்ணெய்ச் சத்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு என்று விமானப் பட்டியலில் இருக்கிறது. பவர் பேங்க் நேர்மாறு, கைப்பையில் மட்டும். 100 வாட்-மணி வரை தடையில்லை, 20,000 எம்ஏஎச் என்பது ஏறக்குறைய 74 வாட்-மணி.

ஜூன் 20, வியாழன்

கயிற்றில் இருந்த கடைசி ஓலையைக் காலை 9.20-க்கு மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கழற்றியது.

நாளை நெல்லையப்பர் தேரோட்டம், மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. அதனால்தான் புறப்பாடு இன்றைக்கு, அதுவும் பள்ளி நடக்கிற நேரத்தில். நாளைக்கு என்றால் டவுன் பக்கம் பஸ் நகராது. அதைவிட முக்கியம், பிள்ளைகள் இன்று மதியமும் டீச்சரோடு இருப்பார்கள். அழுகிறவர்களை டீச்சர் பார்த்துக்கொள்ள அரை நாள் கிடைக்கிறது. நேராக விடுமுறைக்குள் போயிருந்தால் வீட்டில் தனியாக அழும்.

10.50-க்கு வகுப்பு வாசலில் நின்று கையாட்டல், ஐந்து நிமிஷம். கட்டிப்பிடிப்பது பிள்ளையாக வந்தால் மட்டும். பஸ்ஸைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தி, பெட்டிகளை முன்கூட்டியே ஏற்றி, பிள்ளைகள் உள்ளே இருக்கும்போதே கேட் சாத்தியாயிற்று. நகரும் வண்டிக்குப் பின்னால் ஓடுகிற பிள்ளைகள் கண்ணுக்கு அழகாகத் தெரியலாம், ஆனால் கால் தவறினால் சக்கரத்தடியில்தான். "போயிட்டு வாரோம்" என்று 18 பேரும் சொன்னார்கள். "கடிதம் போடுங்க" என்று பதில் வந்தது. யாரும் எப்போது வருவீர்கள் என்று கேட்கவில்லை.

11-க்குப் புறப்பாடு, திருச்சியில் இரவு விமானம். சாப்பாட்டு நிறுத்தத்தோடு ஏழு மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். திருச்சியில் புது முனையம் இந்த 11-ஆம் தேதிதான் இயங்கத் தொடங்கியது. ஓட்டுநர் அண்ணாச்சிக்குப் பழைய வாசல்தான் பழக்கம், வழியைப் போனில் பார்த்துக் காகிதத்திலும் எழுதிக் கொடுத்தாயிற்று. பஸ்ஸில் பாஸ்போர்ட்டை எண்ணுவது கிளம்பும்போது ஒரு தரம், சாப்பிட்ட இடத்தில் ஒரு தரம். சாப்பாட்டுக் கடையில் விட்டுவிட்டு வருகிற பைதான் அதிகம்.

ஜூன் 24, திங்கள்

ஓலைக் கயிறு கரும்பலகைப் பக்கம் வெறுமையாகத் தொங்கக் கூடாது என்று சனிக்கிழமையே அவிழ்த்து, நூலகப் பதிவேட்டைக் கட்டித் தொங்கவிடப் பயன்படுத்தியாயிற்று. இன்று 23 புத்தகம் வெளியே போயிருக்கிறது, 3 பேர் தேதி எழுத மறந்திருக்கிறார்கள்.

கடிதத்துக்குச் சிங்கப்பூரில் ஒரே ஒரு ஆசிரியர் பொறுப்பு, ஜூலை 10-க்குள் தபாலில் சேர்க்க வேண்டும். 16 தனிக் கடிதம் வேண்டாம், ஒரு கடிதம், கீழே எல்லாரும் கையெழுத்து. தனித்தனியாக வந்தால் தன் பெயர் இல்லாத பிள்ளை தேடும். உறையில் முகவரி தமிழில் இருக்கலாம், நாட்டின் பெயரும் 6 இலக்கப் பின்கோடும் ஆங்கிலத்தில் வேண்டும். ஜூலை கடைசி வரை வரவில்லை என்றால் நாங்கள் அந்த ஆசிரியருக்குப் போன் செய்வோம்.

சுவரின் கீழ்ப்பகுதியில் பாலிதீன் தாள் மறுபடி ஒட்டியிருக்கிறது. இன்னும் துளி கட்டுகிறது.