ஒரே உவர்ப்பு, மூன்று வகை நீர்: ஆர்க்டிக் பருவக் குறிப்புகள்

மார்ச் 18

ஆர்க்டிக் நீரில் கரைந்திருக்கும் கரிமப் பொருளில் ஆறு, கடல், உருகிய பனி ஆகியவற்றின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய மாதிரி எடுப்பவர்களுக்கான குறிப்புகள் இவை. கடல்பனி தடித்து நிற்கும் காலம். 9 செ.மீ. விட்டமுள்ள துளைக்கருவியால் பனி உருளையை வெளியே எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது வெப்பநிலை. 10 செ.மீ.க்கு ஒன்றாக, உருளையின் மையம் வரை சிறு துளைகள் போட்டு உணரியை நுழைக்கலாம். இதில் நேரம் கடத்தினால் அடிப்பகுதியிலிருந்து உப்புநீர் ஒழுகிவிடும். அதில் கரைந்திருக்கும் கரிமப் பொருளும் கூடவே போய்விடும். பனிப்பாசி பெரும்பாலும் கடைசிச் சில செ.மீ.க்குள்தான் வாழ்கிறது. ஆகவே அடியிலிருந்து 5 செ.மீ. துண்டை உடனே அறுத்து மூடிவிடுவது நல்லது.

ஒரே இடத்தில் இரண்டு உருளைகள் வேண்டும். பச்சையம் அளப்பதற்கான உருளையை, வடிகட்டிய கடல்நீர் சேர்த்து இருட்டில் உருக்குவார்கள். சேர்க்காவிட்டால் உவர்ப்பு (ஒரு கிலோ நீரில் ஏறக்குறைய எத்தனை கிராம் உப்பு என்ற அளவு) திடீரென இறங்கிப் பாசிச் செல்கள் வெடிக்கும். கரைந்த கரிமக் கார்பன் அளக்கும் உருளையில் அந்தக் கடல்நீரைச் சேர்க்கவே கூடாது; அதில் இருக்கும் கார்பன் நம் கணக்கில் ஏறிவிடும். அதை அப்படியே 4 டிகிரியில் உருக்க வேண்டியதுதான். செல் வெடிப்பால் வரும் சிறு கூடுதலைப் பிழை வரம்பில் எழுதிக்கொள்ளலாம்.

மார்ச் 21

பனிக்குள் இருக்கும் உப்புநீரைத் தனியே எடுக்க, முழு ஆழம் துளைக்காமல் பாதியில் நிறுத்தி, குழியை மூடிவைத்தால் சுற்றிலுமிருந்து நீர் கசிந்து சேரும். பனி −5 டிகிரிக்குக் கீழே, உவர்ப்பு 5 அளவில் இருந்தால் உப்புநீரின் கன அளவு ஏறக்குறைய 5 விழுக்காட்டுக்குக் கீழே போகும். வாய்க்கால்கள் ஒன்றோடொன்று தொடர்பிழந்து, குழி காய்ந்தே கிடக்கும். எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் பயனில்லை.

மே 29

உலகக் கடல் நீரின் கன அளவில் ஆர்க்டிக்கின் பங்கு சுமார் 1 விழுக்காடு. ஆனால் உலக ஆறுகள் கடலில் கொட்டும் நீரில் சுமார் 10 விழுக்காடு இங்கே வருகிறது. ஓப், யெனிசெய், லீனா, கொலிமா, மெக்கன்சி எல்லாம் மே கடைசி, ஜூனில் பெருகும். ஆண்டு முழுதும் வரும் கரைந்த கரிமப் பொருளில் பெரும்பங்கு இந்தச் சில வாரங்களிலேயே வந்துவிடுகிறது. கோடையில் மட்டும் மாதிரி எடுத்து ஆண்டுக் கணக்குப் போடுபவர்கள் குறைத்தே மதிப்பிடுவார்கள்.

அளவு மட்டுமல்ல, தன்மையும் வேறு. வெள்ளநீர் உறைமண்ணுக்கு மேலே, இலைக்குப்பையும் மேல்மண்ணும் கழுவி வருவது. அது இளையது, நுண்ணுயிரிகள் எளிதில் தின்னக்கூடியது. கோடை பிந்தும்போது உருகிய மண்ணின் ஆழத்தில் ஊறி வரும் நீரில் எளிதாகச் சிதைவது குறைவு.

ஜூன் 11

குடுவை விஷயம். கார்பனுக்கான கண்ணாடிக் குடுவையையும் கண்ணாடி இழை வடிதாளையும் 450 டிகிரியில் நான்கைந்து மணி நேரம் சுட்டிருக்க வேண்டும். வடித்த நீரை ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு பிஎச் 2க்குக் கொண்டுவரலாம், அல்லது உறையவைக்கலாம். உறையவைப்பதானால் கால் பங்கு இடம் விடாத குடுவை விரிசல் விடும். ஆக்சிஜன் ஐசோடோப்பு (எடை மாறுபட்ட ஆக்சிஜன் அணுக்களின் விகிதம்) அளக்கும் குடுவைக்கோ நேர்மாறான விதி: வாய் வரை நிரப்பி இறுக மூட வேண்டும். காற்றிடைவெளி இருந்தால் இலகுவான மூலக்கூறுகள் ஆவியாகி, மிச்ச நீர் கனத்துப்போகும். இரண்டு குடுவைகளையும் ஒரே ஆள் நிரப்பும்போது அசதியில் மாறிப்போவது சகஜம். மூடிக்கு வேறு நிறம் வைத்தால் தீர்ந்தது.

நிறம் அளக்க வேண்டிய ஆற்று நீரை உறையவைக்காதீர்கள். உருகும்போது ஹியூமிக் பொருள் (மக்கிய தாவரங்களிலிருந்து வரும் பழுப்புப் பொருள்) திரண்டு படிந்துவிடும். இருட்டில் 4 டிகிரியே போதும்.

ஜூலை 20

இந்தக் குறிப்புகளில் எதைத் தவிர்த்தாலும் இதைத் தவிர்க்க வேண்டாம். உவர்ப்பு குறைந்த நீரைக் கண்டதும் "ஆற்று நீர்" என்று எழுதிவிடும் பழக்கம் பலருக்கும் இருக்கிறது. உருகிய பனியும் உவர்ப்பைக் குறைக்கும். ஆறு கரிமப் பொருளைக் கூட்டும், பனிநீர் பெரும்பாலும் அதை நீர்க்கச் செய்யும். இரண்டும் எதிரெதிர் வேலை செய்பவை. உவர்ப்பை மட்டும் வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது, ஆக்சிஜனின் கனத்த வகையான ஆக்சிஜன்-18 வேண்டும். ஆற்று நீரில் அது மிகக் குறைவு, கடல்பனியில் அவ்வளவு குறைவில்லை.

ஒரு கணக்கு. கடல்நீர்: உவர்ப்பு 34.8, ஆக்சிஜன்-18 மதிப்பு (நியமக் கடல்நீரிலிருந்து ஆயிரத்துக்கு எவ்வளவு விலகல் என்பது) +0.3 ‰. ஆறு: 0, −20. கடல்பனி: 4, −2. கரைந்த கரிமக் கார்பன் முறையே லிட்டருக்கு 60, 700, 40 மைக்ரோமோல் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பங்குகளின் கூட்டுத்தொகை 1, உவர்ப்புக்கு ஒரு சமன்பாடு, ஐசோடோப்புக்கு ஒன்று. மூன்று சமன்பாடு, மூன்று அறியாதவை.

மாதிரிகள் மூன்றிலும் உவர்ப்பு 30 தான்.

ஐசோடோப்பு −2.5 என்றால்: ஆறு 13.8 விழுக்காடு, பனி ஏறத்தாழ 0. கார்பன் சுமார் 148 மைக்ரோமோல்.

−0.1 என்றால்: ஆறு 0.2, பனி 15.3. கார்பன் சுமார் 58.

−3.6 என்றால்: ஆறு 20, பனி −7. கார்பன் சுமார் 189.

பனிப் பங்கு கழித்தல் குறியில் வந்தால் கணக்கு தப்பு என்று அழித்துவிடக் கூடாது. அந்த நீரிலிருந்து பனி உறைந்து வெளியேறிவிட்டது, உப்பு பின்தங்கிவிட்டது என்று பொருள். மூன்றாவது மாதிரியில்தான் ஆற்று நீர் மிக அதிகம்; ஆனாலும் உறைதலில் மிஞ்சிய உப்பு அதை மறைத்து, முதலாவதைப் போலக் காட்டுகிறது.

பலவீனமான இடம், மூல மதிப்புகள். லீனாவுக்கும் மெக்கன்சிக்கும் ஐசோடோப்பு ஒன்றல்ல; ஒரே ஆற்றுக்கும் மாதத்துக்கு மாதம் மாறும். பனியின் மதிப்போ அது எந்த மேல்நீரிலிருந்து உறைந்தது என்பதைப் பொறுத்தது. மதிப்புகளைச் சற்று மேலும் கீழும் நகர்த்தி, பங்குகள் எவ்வளவு ஆடுகின்றன என்று பார்த்த பிறகே முடிவை எழுதவும்.

ஆகஸ்ட் 9

கரைந்த கரிமப் பொருளின் நிறத்தை நிறமானியால் அளக்கும் முறை: நீர் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று காட்டும் உறிஞ்சல் எண்ணை 2.303ஆல் பெருக்கி, கலத்தின் நீளத்தால் (மீட்டரில்) வகுக்க வேண்டும். வெளிக்கடல் நீருக்கு 10 செ.மீ. கலம், ஆற்று நீருக்கு 1 செ.மீ. 275 முதல் 295 நானோமீட்டர் வரையிலான சரிவு (அலைநீளம் கூடக் கூட உறிஞ்சல் குறையும் வேகம்), ஆற்று நீரில் 0.015ஐ ஒட்டியும் வெளிக்கடலில் 0.02க்கு மேலும் இருப்பது வழக்கம்.

இதிலும் ஒரு பொறி உண்டு. வெயில் பட்டு நிறம் வெளுத்தாலும் இதே சரிவு ஏறும். ஆற்று நீர் கடல்நீர் வேடம் போடும். லிக்னின் ஃபீனால்களை (மரப்பொருளிலிருந்து வரும் சேர்மங்களை) அளந்தால் சந்தேகம் தீரும். நிலத்துத் தாவரங்களே அதற்கு மூலம். ஆனால் அதையும் ஒளி சிதைக்கும் என்பதால், அளவு குறைவாக இருப்பதை மட்டும் வைத்து ஆறு இல்லை என்று சொல்லிவிட முடியாது. சைபீரியாவிலிருந்து வடதுருவத்தைக் கடந்து, கிரீன்லாந்துக்கும் ஸ்வால்பார்டுக்கும் இடையிலுள்ள ஃபிராம் நீரிணை நோக்கிப் போகும் நீரோட்டத்தில் ஆற்றின் நிறம் நெடுந்தூரம் தாங்குவதற்கு, மேலே பனி மூடி ஒளியைத் தடுப்பதும் ஒரு காரணம்.

செப்டம்பர் 2

தென்துருவத்துக்கு இந்தக் கணக்கை அப்படியே கொண்டுபோக வேண்டாம். அங்கே பெரிய ஆறு கிடையாது. நிலத்து நன்னீர் என்றால் பனியாறும் பனியடுக்கும் உருகுவதுதான். கரிமப் பொருளில் பெரும்பகுதி பாசியிலிருந்து வருவது.

அக்டோபர் 24

சைபீரியக் கடலோரத் திட்டுகளில் (கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடற்பகுதிகளில்) நீர் மீண்டும் உறையும் காலம். உப்போடு கரிமப் பொருளும் பனியிலிருந்து தள்ளப்படும், ஆனால் உப்பளவுக்கு முழுதாக அல்ல, கொஞ்சம் பனியிலேயே தங்கும். தள்ளப்பட்ட கனத்த உப்புநீர் திட்டின் சரிவில் இறங்கி, மேல்நீருக்கும் அட்லாண்டிக் நீருக்கும் நடுவே உள்ள அடுக்கில் பரவுகிறது. ஜூனில் மேலே வந்த ஆற்றுக் கார்பன் ஆழத்துக்குப் போகும் வழிகளில் இது ஒன்று. ஒளிர்வு உணரியை (கரிமப் பொருள் ஒளி பட்டு ஒளிர்வதை அளக்கும் கருவியை) இறக்கும்போது நடு அடுக்கில் ஓர் உச்சம் தெரிந்தால் முதலில் வெப்பத் திருத்தம் செய்யுங்கள்: நீர் குளிரக் குளிர ஒளிர்வு டிகிரிக்கு ஏறக்குறைய 1 விழுக்காடு கூடும். திருத்திய பிறகும் உச்சம் நின்றால், அதே ஆழத்து ஐசோடோப்புக் குடுவையைப் பிரித்து, பனிப் பங்கின் குறியைப் பாருங்கள்.