டிபி மாத்திரை: எதைப் பொறுத்துக்கொள்ளலாம், எதற்கு உடனே ஓடணும்

டிபி மாத்திரை போட்ட முதல் நாளே, சில மணி நேரத்தில், சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். முன்கூட்டியே யாரும் சொல்லி வைக்காவிட்டால் ரத்தம் போகிறது என்று பயந்து மறுநாளே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அதே ஆட்கள், ஆறாவது வாரத்தில் கண் மஞ்சளாகும்போது "மாத்திரைச் சூடுதான்" என்று பத்து நாள் தள்ளிப்போடுகிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சிகிச்சை பாதியில் நிற்பதற்கு இந்தக் குழப்பம் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் மாத்திரை. சாதாரண டிபிக்கு, அதாவது மருந்துக்குக் கட்டுப்படுகிற டிபிக்கு, அரசு ஆஸ்பத்திரியில் முதல் இரண்டு மாதம் தரும் ஒவ்வொரு மாத்திரையிலும் நான்கு மருந்து இருக்கிறது: ஐசோனியாசிட் 75 மில்லிகிராம், ரிஃபாம்பிசின் 150, பைரசினமைட் 400, எத்தாம்பூட்டால் 275. அடுத்த நான்கு மாதம் பைரசினமைட் இல்லாமல் மற்ற மூன்றும். எத்தனை மாத்திரை என்பது எடையைப் பொறுத்தது. பெரியவர்களுக்கு 25 முதல் 34 கிலோ வரை இரண்டு, 35 முதல் 49 வரை மூன்று, 50 முதல் 64 வரை நான்கு, 65 முதல் 75 வரை ஐந்து, அதற்கு மேல் ஆறு. 48 கிலோவில் மூன்று மாத்திரையோடு தொடங்கியவர் உடம்பு தேறி 53 கிலோ ஆகிவிட்டால் நான்காக மாற்ற வேண்டும். 5 கிலோ கூடினாலோ குறைந்தாலோ தானாகக் கணக்குப் போடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள். மாதாமாதம் எடை பார்ப்பதே இதற்காகத்தான்.

நான்கு மருந்து எதற்கு என்று கேட்பவர்களுக்கு: கிருமிகளில் சுமார் பத்து லட்சத்தில் ஒன்று பிறவியிலேயே ஐசோனியாசிடுக்கு மசியாது, சுமார் பத்துக் கோடியில் ஒன்று ரிஃபாம்பிசினுக்கு மசியாது. நுரையீரலில் விழுந்த ஒரு குழியில் பத்துக் கோடிக் கிருமிகூட இருக்கலாம். ஒரே மருந்தைக் கொடுத்தால் அதற்கு மசியாத கிருமி மட்டும் பிழைத்துப் பெருகும். சேர்த்துக் கொடுத்தால் ஒன்றில் தப்பியதை இன்னொன்று பிடித்துக்கொள்ளும். "இந்த ஒரு மருந்துதான் ஒத்துக்கல" என்று மெடிக்கலில் தனித்தனி மாத்திரையாக வாங்கி ஒன்றை விட்டுவிட்டுச் சாப்பிடுவது அதனால்தான் ஆபத்து.

எல்லா மாத்திரையையும் ஒரே வேளையில் விழுங்க வேண்டும். காலையில் இரண்டு, ராத்திரி ஒன்று என்று பிரித்தால் ரத்தத்தில் மருந்து போதிய அளவுக்கு ஏறாது. காலை எழுந்ததும் வெறும் வயிற்றில் போட்டு ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிடுவது நல்லது. குமட்டினால் இரண்டு இட்லியோ கொஞ்சம் கஞ்சியோ குடித்துவிட்டுப் போடலாம்; மருந்து உடம்பில் சேருவது சற்றுக் குறையும், ஆனால் விட்டுவிடுவதைவிட அது எவ்வளவோ மேல். வயிற்றெரிச்சலுக்கான அலுமினியம் கலந்த ஜெல்லை மட்டும் மாத்திரை போட்டு நான்கு மணி நேரத்துக்குத் தொடாதீர்கள். மாத்திரையை அட்டையிலிருந்து மொத்தமாகப் பிரித்து டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். ஈரம் பட்டால் ஐசோனியாசிடும் ரிஃபாம்பிசினும் ஒன்றோடொன்று வினைபட்டு வீரியம் போய்விடும். அட்டையோடு, அடுப்படிச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் தள்ளி வையுங்கள்.

இனி பக்கவிளைவு. ஆரஞ்சுச் சிறுநீர் ரிஃபாம்பிசினின் சாயம்தான். வியர்வை, எச்சில், கண்ணீர்கூட அந்த நிறத்தில் வரலாம், வெள்ளைச் சட்டையில் கறை படும். ஒரு கெடுதலும் இல்லை. மாத்திரை போட்ட சில மணி நேரத்துக்கு அடர்த்தியாக இருந்து சாயங்காலத்துக்குள் வெளிறிவிடும். காமாலை அப்படியில்லை. நாள் முழுக்க சிறுநீர் கடுத்தே போகும், சோற்றைக் கண்டாலே குமட்டும், வாந்தி வரும், வலது விலாவுக்குக் கீழே வலிக்கும். டியூப்லைட் வெளிச்சத்தில் கண் பார்த்து ஏமாறாதீர்கள். பகலில் வாசலில் நிற்க வைத்து, கீழ் இமையை இழுத்துப் பிடித்து, மேலே பார்க்கச் சொல்லி வெள்ளை விழியைப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் அன்றைக்கே எல்லா மாத்திரையையும் நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நான்கில் மூன்று, அதாவது ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், கல்லீரலைத் தாக்கக்கூடியவை. ரத்தம் பார்த்து, கல்லீரல் தேறிய பிறகு மருத்துவர் ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்குவார். கீழாநெல்லியை அரைத்துக் குடித்துக்கொண்டே மாத்திரையையும் தொடர்வதுதான் உயிருக்கு உலை வைக்கிறது. தழை மேல் குற்றம் இல்லை, அந்தப் பத்து நாள் தாமதம்தான் குற்றம். சாராயம், பிராந்தி எதுவாக இருந்தாலும் ஆறு மாதமும் கூடாது.

மூட்டுவலி நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல். தருமபுரி, கிருஷ்ணகிரித் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம்; அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்தது. வருஷக்கணக்காக முட்டி, இடுப்பு வலியோடு இருப்பவர்களுக்கு மாத்திரை தொடங்கியபின் வலி கூடினால், "தண்ணிதான்" என்று இருந்துவிடுவார்கள், அல்லது "மாத்திரை எலும்பை அரிக்குது" என்று நிறுத்துவார்கள். தொடங்கிய சில வாரங்களில் தோள், முட்டி, விரல் மூட்டுகளில் புதிதாக வருவது பைரசினமைட் யூரிக் அமிலத்தை ஏற்றுவதால். வலி மாத்திரை கேட்டு வாங்கிக்கொண்டு தொடரலாம், பைரசினமைட் நின்றதும் பெரும்பாலும் அடங்கும். பாத எரிச்சல், மதமதப்பு ஐசோனியாசிடால். அதற்குத்தான் தினம் பைரிடாக்சின், அதாவது வைட்டமின் பி6, 10 மில்லிகிராம். சர்க்கரை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், மெலிந்தவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

கண்ணுக்கு எத்தாம்பூட்டால். வீட்டிலேயே வாரம் ஒருமுறை சோதிக்கலாம். தினசரி காலண்டர் முன் எப்போதும் ஒரே தூரத்தில் நின்று, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் சின்ன எழுத்தைப் படியுங்கள். பிறகு கண்ணை மாற்றுங்கள். ஒரு தட்டில் பழுத்த மிளகாயும் பச்சை மிளகாயும் வைத்து நிறம் சொல்லுங்கள். எழுத்து மங்கினாலோ சிவப்பும் பச்சையும் குழம்பினாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். சீக்கிரம் நிறுத்தினால் பார்வை பெரும்பாலும் திரும்பும், நாள் கடத்தினால் திரும்பாமலே போகலாம்.

வெறும் அரிப்புக்கு மருந்து இருக்கிறது, சொல்லி வாங்கிக்கொண்டு தொடருங்கள். காய்ச்சலோடு தோல் தடித்தாலோ, வாய் வெந்தாலோ, தோலில் சிவப்புப் புள்ளி வந்தாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ நிறுத்தி ஓடுங்கள். ரிஃபாம்பிசினை விட்டுவிட்டுப் போடுவதிலேயே ஒரு ஆபத்து இருக்கிறது: இடைவெளி விட்டுத் திரும்பப் போடும்போது குளிர்காய்ச்சல் வரலாம், அபூர்வமாக ரத்தம் உறைய உதவும் தட்டணு குறையலாம், சிறுநீரகம் செயலிழக்கலாம். ஒருநாள் தவறினால் மறுநாள் வழக்கமான அளவு மட்டுமே, இரட்டிப்பு வேண்டாம். தவறிய நாட்களைக் கடைசியில் சேர்த்து முடிப்பார்கள். பல நாள் விட்டுப்போயிருந்தால் கேட்காமல் தொடங்காதீர்கள்.

வேறு மருந்து சாப்பிடுபவர்கள் முதல் நாளே சீட்டுகளைக் காட்டுங்கள். ரிஃபாம்பிசின் பல மருந்துகளைக் கல்லீரலில் வேகமாகக் கரைத்துவிடும். கருத்தடை மாத்திரை பலிக்காது. காப்பர்-டி, ஆணுறை என்று மாற வேண்டும். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையின் வேகம் குறையும். வலிப்பு மருந்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, எச்.ஐ.வி. மருந்து எல்லாவற்றிலும் அளவைச் சரிபார்க்க வேண்டும்.

இன்னொன்று, பெங்களூர். மாத்திரை போட்ட சில வாரத்தில் இருமல் அடங்கும், பசி எடுக்கும். பாலக்கோடு, பென்னாகரம், ஊத்தங்கரைப் பக்கத்து ஆட்கள் கட்டட வேலைக்கு பஸ் ஏறுவது அப்போதுதான். வேகமாகப் பெருகும் கிருமிகள்தான் முதலில் சாகின்றன. மந்தமாகப் பதுங்கிக் கிடப்பவற்றைத் தீர்க்கத்தான் மீதி மாதங்கள். வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை, வயிறு இருக்கிறதே. போவதற்கு முன் உங்கள் நிக்‌ஷய் எண்ணை, அதாவது அரசின் டிபி பதிவில் உங்களுக்கென்று இருக்கும் எண்ணை, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எண் இந்தியா முழுக்கச் செல்லும், கர்நாடக அரசு ஆஸ்பத்திரிக்குச் சிகிச்சையை மாற்றித் தருவார்கள், அதே மாத்திரை இலவசமாகக் கிடைக்கும். சந்தேகம் இருந்தால் 1800 11 6666, கட்டணமில்லாத எண். ஊட்டச்சத்துக்கான உதவித்தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1000 ரூபாய். பாஸ்புக் நகல் கொடுத்தீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது மாத முடிவிலும் ஆறாவது மாத முடிவிலும் சளி கொடுக்க வேண்டும். இருமலே இல்லாதபோது எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிடுகிறார்கள், அதில் ஒன்றும் தெரியாது. காலையில் வாய் கொப்பளித்துவிட்டு, இரண்டு முறை ஆழமாக மூச்சை இழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுங்கள். முடித்த பிறகு 6, 12, 18, 24 மாதங்களில் கூப்பிடுவார்கள், அதற்கும் போய் வாருங்கள்.