டீசல் பிக்கப்புக்குப் பெரிய ஏடி டயர்: அளந்தது, கழித்தது, மாட்டியது

என் பிக்கப்புக்கு ஏடி (ஆல் டெரைன், அதாவது தார்ச்சாலை, கல், சேறு எல்லாவற்றுக்குமான) டயர், அதுவும் 285/70 ஆர்17 அளவில் போடுவது என்று முடிவு செய்துவிட்டுத்தான் இந்த வேலையில் இறங்கினேன். இப்போது வண்டியில் இருப்பது 265/70 ஆர்17. இடையில் என்ன நடந்தது என்பதைக் கணக்கோடு எழுதி வைக்கிறேன். இதே யோசனையில் இருப்பவர்களுக்கு அளவெடுக்கும் வேலையாவது கொஞ்சம் குறையும்.

வண்டி டபுள் கேப் டீசல் பிக்கப். 6 கியர் மேனுவல், தேவைப்பட்டால் மட்டும் ஃபோர் வீல் போடுகிற வகை. முன்னால் காயில் ஸ்பிரிங், பின்னால் பட்டை ஸ்பிரிங். கம்பெனியிலிருந்து வந்த டயர் 265/65 ஆர்17, ஹைவே பட்டன் (பட்டன் என்றால் தரையைத் தொடும் ரப்பர் வடிவம்). ரிம் அகலம் 7.5 அங்குலம். ஓட்டம் பெரும்பாலும் தார்ச்சாலையில்தான். அவ்வப்போது கல் பாதை, சேறு, எப்போதாவது பின்னால் அரை டன் சுமை. வண்டியைத் தூக்கும் லிஃப்ட் கிட் வேண்டாம் என்பதில் மட்டும் ஆரம்பத்திலிருந்தே உறுதியாக இருந்தேன். அதைத் தொட்டால் அலைன்மென்ட், டிரைவ் ஷாஃப்ட் கோணம் என்று ஒன்று மாற்றி ஒன்று இழுத்துக்கொண்டு வரும்.

பேப்பரில் போட்ட கணக்கு

டயரின் பக்கவாட்டில் இருக்கும் மூன்று எண்களில் முதலாவது அகலம், மி.மீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச் சுவரின் உயரம் என்பது. மூன்றாவது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 265-இல் 65 சதவீதம் 172.25 மி.மீ. மேலும் கீழும் இரண்டு சுவர், அதனால் 344.5. அதோடு 17 அங்குல ரிம்மின் 431.8-ஐக் கூட்டினால் மொத்த விட்டம் 776.3 மி.மீ. இதே முறையில் 265/70 போட்டால் 802.8, 255/75 போட்டால் 814.3, 285/70 போட்டால் 830.8. பழைய டயரோடு ஒப்பிட்டால் முறையே 3.4, 4.9, 7 சதவீதம் பெரிது.

தரையிலிருந்து வண்டி எவ்வளவு உயரும் என்று பார்த்தால் இதில் பாதிதான். டயரின் மேல் பாதி வளர்வதால் வண்டிக்கு ஒரு பயனும் இல்லை, மட்கார்டு இடைவெளிதான் குறையும். ஆக 265/70-இல் 13 மி.மீ., 285/70-இல் 27 மி.மீ. இந்த 14 மி.மீ. வித்தியாசத்துக்காக என்னென்ன விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்று பார்க்க ஆரம்பித்ததும்தான் 285 மேல் இருந்த மோகம் குறையத் தொடங்கியது. படத்தில் பார்க்க அது அழகாக இருக்கிறது என்பதில் இப்போதும் மாற்றுக் கருத்து இல்லை.

அடுத்தது கியர். டயர் பெரிதானால் ஒரு சுற்றில் வண்டி அதிக தூரம் போகும்; எல்லா கியரும் கொஞ்சம் உயரமான கியராக மாறிவிடும். என் வண்டியில் ஆறாவது கியரில் 80 கி.மீ. வேகத்தில் இன்ஜின் ஏறக்குறைய 1500 ஆர்பிஎம்மில் ஓடும். டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) சரியாக மூச்சு விட ஆரம்பிக்கும் இடமும் அதுதான். 3.4 சதவீதம் பெரிதானால் அது 1450, 7 சதவீதம் என்றால் 1400. டீசலுக்குக் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை அதிகம், அதனால் கவலையில்லை என்று பலரும் சொல்வார்கள். அந்த இழுவை டர்போ அழுத்தத்தால் வருவது. அழுத்தம் ஏறுவதற்கு முன்னால் டீசலும் திணறும். சின்ன மேட்டுக்கெல்லாம் ஐந்தாவதுக்கு இறங்கிக்கொண்டிருப்பேன் என்றால் ஆறாவது கியர் எதற்கு?

மட்கார்டுக்குள் எவ்வளவு இடம்

தட்டையான தரையில் வண்டியை நிறுத்தி, டயருக்கு மேலே கை விட்டுப் பார்த்தால் ஏராளமாக இடம் இருப்பது போலத் தெரியும். உரசுவது அங்கே இல்லை. ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து, சஸ்பென்ஷனும் அமுங்கியிருக்கும்போது, மட்கார்டின் உள் லைனிங்கின் பின்பக்கக் கீழ் மூலையில்தான் டயர் போய் நிற்கும். அதையொட்டித்தான் பாடியைச் சேஸிஸோடு இணைக்கும் தாங்கியும் இருக்கும். லைனிங்கைச் சூடாக்கி வளைக்கலாம், தாங்கியை வெட்டி வெல்டிங் செய்தால்தான் உண்டு.

முன் இடது வீலையும் பின் வலது வீலையும் கெட்டியான மரக்கட்டைகள் மேல் ஏற்றி நிறுத்தினேன். முன் இடது சஸ்பென்ஷன் நன்றாக அமுங்கிவிடும். ஹேண்ட்பிரேக் போட்டு, மற்ற வீல்களுக்குக் கட்டை கொடுத்து, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து அளந்தேன். வண்டிக்கு அடியில் படுக்க வேண்டிய வேலை இல்லை, படுக்கவும் கூடாது. வெவ்வேறு தடிமனில் மரச்சில்லுகள் வைத்துக்கொண்டு எது இடைவெளிக்குள் போகிறது என்று பார்ப்பது டேப்பை விட நம்பகமானது.

மிகக் குறுகிய இடத்தில் கிடைத்த இடைவெளி 30 மி.மீ. இதில் பலரும் விட்டுவிடும் ஒரு விஷயம் உண்டு. அளந்தது தேய்ந்த டயரை வைத்து. என் பழைய டயரில் பட்டன் 5 மி.மீ. தேய்ந்திருந்தது. ஆக 265/70-க்கு 13-ஐயும் 5-ஐயும் கழித்தால் மிச்சம் 12 மி.மீ., நிம்மதியாகச் சுற்றும். 255/75-க்கு 6 மி.மீ. 285/70-க்குக் கணக்கு மைனஸில் போய்விட்டது. அதுவும் அகலம் இரு பக்கமும் 10 மி.மீ. கூடுவதைச் சேர்க்காமலே.

ஆஃப்செட் (வீல் எவ்வளவு உள்ளே தள்ளி உட்காரும் என்ற அளவு) குறைந்த ரிம் மாட்டி வீலை வெளியே தள்ளினால் சரியாகிவிடும் என்று ஒரு யோசனை சுற்றிக்கொண்டே இருக்கிறது. உள்பக்கம், சஸ்பென்ஷனின் கன்ட்ரோல் ஆர்மில் உரசினால் அது தீர்வு. எனக்கு இடிப்பது வெளி ஓரம். வீல் வெளியே போகப் போக, ஸ்டீயரிங் ஒடிக்கும்போது அந்த ஓரம் இன்னும் பெரிய வட்டமாகச் சுற்றி, அதே மூலையில் இன்னும் பலமாக இடிக்கும். பேரிங் மேல் சுமையும் கூடும்.

255/75 எனக்குப் பிடித்த அளவு. ஒல்லியாக, உயரமாக இருக்கும், சேற்றில் கீழே இறங்கிப் பிடிக்கும். ஆனால் அந்த அளவில் டயர் செய்பவர்கள் குறைவு. வழியில் ஒன்று கிழிந்தால் மாற்று தேடி அலைய வேண்டியிருக்கும் என்பதால் விட்டுவிட்டேன்.

அளவை விட எடைதான் பெரிய கேள்வி

அளவு முடிவானதும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். 265/70 ஆர்17 என்ற அதே எண்ணில் இரண்டு வேறு டயர்கள் இருக்கின்றன. ஒன்று கார், எஸ்யூவி வகைச் சாதாரணக் கட்டமைப்பு, சுமை எண் 115. மற்றொன்று முன்னால் எல்டி என்று போட்ட லைட் டிரக் வகை, லோட் ரேஞ்ச் ஈ, பேச்சுவழக்கில் 10 பிளை, சுமை எண் 121. 115 என்றால் டயருக்கு 1215 கிலோ, 121 என்றால் 1450 கிலோ. என் பழைய டயர் 112, அதாவது 1120 கிலோ.

பிக்கப்புக்கு 121 தானே சரி என்று தோன்றும். ஆனால் அந்த 1450 கிலோவை எல்டி டயர் தாங்குவது 80 பிஎஸ்ஐ காற்றில். காற்றைக் குறைத்தால் தாங்கும் சுமையும் குறையும். கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்ட 30 சொச்சத்தையே எல்டி டயரிலும் அடித்துவிட்டு, கனமான டயர் போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் சுமை ஏற்றுவது ஆபத்து. அந்த அழுத்தத்தில் அது சாதாரண டயரை விடக் குறைவாகத்தான் தாங்கும்.

எடையைத் தயாரிப்பாளர்களின் அட்டவணைகளில் பார்த்தேன். பழைய ஹைவே டயர் 16.5 கிலோ அளவில், 265/70 சாதாரண வகை ஏடி 19 அளவில், எல்டி ஈ வகை 23 அளவில். சுழலும் எடை இழுவையைக் கொன்றுவிடும் என்று சொல்வதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விளிம்பில் இருக்கும் எடை, வண்டியை வேகமெடுக்க வைக்கும்போது ஏறக்குறைய இரட்டிப்பாக எண்ணப்படும். எல்டி போட்டால் நான்கு டயருக்கும் சேர்த்துக் கூடுவது 26 கிலோ, இரட்டித்தால் 50 சொச்சம். இரண்டு டன் வண்டிக்கு அது ஒல்லியான ஓர் ஆளை ஏற்றிக்கொண்டது போலத்தான். அதற்காகப் பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது சவாரிக்கு. அந்த எடை முழுக்க ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிறது. ஷாக் அப்சார்பர் அதைக் கட்டுப்படுத்தத் திணறும். பின்னால் காலியாக ஓடும் பிக்கப்பில் பட்டை ஸ்பிரிங் ஏற்கெனவே துள்ளும். அதோடு கெட்டியான பக்கச் சுவரும் சேர்ந்தால் பின் சீட்டில் உட்கார்பவர் இறங்கி நடந்து வருகிறேன் என்பார். கூர்மையான பாறையில் தினமும் ஓட்டுபவர், எப்போதும் முழுச் சுமையோடு போகிறவர் எல்டிதான் வாங்க வேண்டும். எனக்கு 115 போதும் என்று முடிவு செய்தேன். பழைய டயரை விடச் சுமை எண் கூடுதல், அதே வகைக் கட்டமைப்பு, அதனால் ஸ்டிக்கர் அழுத்தமும் அப்படியே பொருந்தும்.

பட்டன் வடிவத்தில் அதிகம் மெனக்கெடவில்லை. எம்டி (சேற்றுக்கென்றே செய்த மட் டெரைன் டயர்) வேண்டாம், இரைச்சல் தாங்காது. பட்டனின் ரப்பர் கட்டைகளில் மெல்லிய கீறல்கள் நிறைய இருக்கிறதா, ஈரச் சாலையில் அவைதான் பிடிக்கும், பள்ளங்களின் அடியில் கல் சிக்காமல் தள்ளும் மேடுகள் இருக்கிறதா, இவ்வளவுதான் பார்த்தேன்.

மாட்டிய அன்று

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதி இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரம். ஐந்து டயரிலும் பார்த்து வாங்கினேன். மஞ்சள் புள்ளி டயரின் எடை குறைந்த இடம், அதை வால்வுக்கு நேராக வைத்து மாட்டச் சொன்னேன். பேலன்சிங்குக்கு ஈயம் குறைவாகவே பிடித்தது. வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சில் இறுக்கி, கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு மறுபடி சரிபார்த்தேன்.

ஐந்து என்று சொன்னேன் அல்லவா, ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான். ஃபோர் வீல் போட்டால் முன், பின் ஆக்சில்கள் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். நான்கில் ஒன்று சின்ன டயராக இருந்தால், பிடிப்புள்ள தரையில் அந்த வித்தியாசம் போக வழியில்லாமல் டிரான்ஸ்ஃபர் கேஸை (முன், பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) முறுக்கும். பின்னால் அடியில் ஸ்டெப்னி தொங்கும் இடத்தில் 802.8 விட்டம் நுழையுமா என்பதையும் முன்பே அளந்திருந்தேன். நுழைந்தது, பம்பர் பக்கம் ஒரு விரல் இடைவெளியோடு.

வண்டியை மரக்கட்டைகள் மேல் மறுபடி ஏற்றி ஸ்டீயரிங்கை ஒடித்துப் பார்த்தேன். எங்கும் படவில்லை. அந்தக் குறுகிய மூலையில் 11 மி.மீ. மிச்சம்.

ஓட்டிப் பார்த்த பிறகு

முதலில் தெரிந்தது ஸ்டீயரிங். நடுவில் கொஞ்சம் மந்தமாகிவிட்டது. உயரமான சுவர், ஆழமான பட்டன், இரண்டும் சேர்ந்து வளைகின்றன. முன்னால் ஸ்டிக்கரை விட 2 பிஎஸ்ஐ கூட்டியதும் பெரும்பாலும் சரியானது. பின் டயர்களில் சாக்பீஸால் பட்டன் மேல் குறுக்கே கோடு போட்டு, நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தேன். கோடு ஒரே சீராக அழிந்தது, அதனால் ஸ்டிக்கர் அழுத்தத்தையே வைத்துக்கொண்டேன். சுமை ஏற்றும்போது மட்டும் ஸ்டிக்கரில் சுமைக்கென்று போட்டிருக்கும் அளவு. எல்லாம் டயர் குளிர்ந்திருக்கும்போது.

இரைச்சல் இருக்கிறது, பேச்சை மறைக்கும் அளவுக்கு இல்லை. கல் பாதையில் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. காற்றை 20 பிஎஸ்ஐக்கு இறக்கியதும் சின்னக் கற்களை டயரே விழுங்கிக்கொண்டது, அதிர்ச்சி உள்ளே வரவில்லை. இறக்கிய பிறகு வேகம் போகக் கூடாது, பக்கச் சுவரைப் பாறையில் உரச விடக் கூடாது. சாதாரணக் கட்டமைப்பில் அது மெல்லியது. சேற்றில் பழைய டயர் வழுக்கி நின்ற இடத்தை டூ வீலிலேயே கடந்தது.

இழுவையில் குறை என்று சொன்னால் ஆறாவது கியரில் கொஞ்சம். ஒன்று, இரண்டில் எதுவும் தெரியவில்லை.

ஸ்பீடோமீட்டர் சுவாரசியமானது. ஐ.நா. வாகன ஒழுங்குமுறை 39-இன்படி ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தை விடக் குறைத்துக் காட்டவே கூடாது. அதனால் தயாரிப்பாளர்கள் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படியே வைக்கிறார்கள். பழைய டயரில் ஸ்பீடோ 100 காட்டும்போது ஜிபிஎஸ் 95. புதிய டயரில் 99. கணக்கில் 3.4 சதவீதம்தான் கூட வேண்டும். பழையது தேய்ந்து சிறுத்திருந்ததால் 4-க்கு மேல் கூடியிருக்கிறது. 285/70 போட்டிருந்தால் ஸ்பீடோ 100-ஐக் காட்டும்போது வண்டி 102, 103-இல் போய்க்கொண்டிருக்கும். இந்த அளவு மாற்றம் உங்கள் ஊர்ச் சட்டத்திலும் காப்பீட்டிலும் செல்லுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

மைலேஜில் இதே விஷயம் கண்ணைக் கட்டும். ஓடோமீட்டரை நம்பிப் போட்ட கணக்கில் லிட்டருக்கு 12.6-லிருந்து 11.3-க்கு இறங்கியது, பத்து சதவீத அடி. ஆனால் பழைய டயரில் ஓடோ தூரத்தைக் கூட்டிக் காட்டியது, புதியதில் குறைத்துக் காட்டுகிறது. ஜிபிஎஸ் தூரத்தை வைத்துப் பார்த்தால் 12.3-லிருந்து 11.5. அடி உண்மைதான், ஆறரை சதவீதம். கனமான பட்டன் உருளும்போது வளைந்து நிமிர்வதில் போகிற டீசல் அது. அதற்கு மருந்து இல்லை.

ஈரச் சாலையில் அவசர பிரேக் இன்னும் சரியாகச் சோதிக்கவில்லை. பழைய ஹைவே டயர் புதிதாக இருந்தபோது இருந்த பிடிப்பு இதில் இருக்காது என்றுதான் எதிர்பார்க்கிறேன், இடைவெளி விட்டு ஓட்டுகிறேன். 8000 கி.மீ.க்கு ஒருமுறை ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் மாற்றி மாட்டத் திட்டம். ஏடி பட்டன் கட்டைகள் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்து ரம்பம் போல ஆகிவிட்டால் இரைச்சல் இரண்டு மடங்காகும். அடுத்த சுழற்சியில் ஐந்தின் பட்டன் ஆழத்தையும் அளந்து எழுதுகிறேன்.