ஏஜென்ட் கையில் அழிக்கும் உரிமை: எங்கள் ஸ்டுடியோவில் செய்த ஏற்பாடு

ஒரு கல்யாண போட்டோ ஸ்டுடியோவின் கணினி வேலைகளை நான் பார்த்துக்கொள்கிறேன். ரா படங்கள் (கேமராவிலிருந்து வந்தபடியே உள்ளவை), எடிட் செய்தவை, ஆல்பம் மாதிரிகள் எல்லாமே அமேசானின் இணையச் சேமிப்பகமான எஸ்3-இல், மும்பை ரீஜனில் இருக்கின்றன. பில் மாதாமாதம் ஏறிக்கொண்டே போனதால், வேண்டாத கோப்புகளைத் தேடும் வேலையை, தானே கட்டளைகளை இயக்கி வேலை செய்யும் ஒரு ஏஐ ஏஜென்ட்டிடம் விடலாம் என்று முடிவானது. தேடட்டும், சரி. ஆனால் அழிப்பதையும் அதனிடமே விடலாமா? தாலி கட்டும் நேரத்துப் படம் போய்விட்டால் அந்தக் குடும்பத்துக்கு யாராலும் திருப்பி எடுத்துத் தர முடியாது.

"கேட்காம எதையும் அழிக்காதேன்னு பிராம்ப்ட்ல எழுதிட்டா போதாதா அண்ணா?" என்று எடிட்டர் தம்பி கேட்டான். போதாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். வேலை நீள நீள, முதலில் சொன்னது அதன் கவனத்திலிருந்து நழுவக்கூடும். தான் படிக்கும் கோப்புக்குள் யாரோ எழுதிவைத்த வரியையே கட்டளையாக எடுத்துக்கொள்ளவும் கூடும். எஸ்3-இல் ஒரே கோரிக்கையில் 1000 கோப்புகள் வரை அழிக்கலாம். நாம் பார்த்துத் தடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். தடுப்பு அனுமதியில்தான் இருக்க வேண்டும்.

முதல் வேலையாக, கோப்புகள் இருக்கும் பக்கெட்டில் (எஸ்3-இன் சேமிப்புத் தொகுதி) வெர்ஷனிங்கை, அதாவது ஒவ்வொரு கோப்பின் பழைய வடிவங்களையும் வைத்திருக்கும் வசதியை, இயக்கினேன். அதற்குப் பிறகு சாதாரணமாக அழித்தால் கோப்பு போய்விடாது, அதன்மேல் 'அழிந்தது' என்று காட்டும் ஒரு டெலீட் மார்க்கர் வந்து உட்காரும். மார்க்கரை எடுத்தால் கோப்பு திரும்பக் கிடைக்கும். குறிப்பிட்ட ஒரு வெர்ஷனை நிரந்தரமாக அழிக்கத் தனி அனுமதி உண்டு. ஏஜென்ட்டுக்கான ரோலில் (அதற்குத் தரும் அனுமதிகளின் தொகுப்பு) இரண்டு வகை அழிப்பையும் நேரடியாக டினை (மறுப்பு) செய்தேன். வேறு எங்காவது அலோ (அனுமதி) இருந்தாலும் டினைதான் ஜெயிக்கும். வெர்ஷனிங்கை நிறுத்துவது, லைஃப்சைக்கிள் விதியை (குறித்த நாளானதும் கோப்பைத் தானாக அழிக்கும் விதி) மாற்றுவது, பக்கெட் பாலிசியை (பக்கெட்டை யார் என்ன செய்யலாம் என்ற விதிகள்) தொடுவது ஆகிய வழிகளையும் அடைத்தேன்.

இவ்வளவும் செய்துவிட்டு, எல்லா உரிமையும் உள்ள அட்மின் கணக்கின் ரகசியச் சாவி கிடக்கும் லேப்டாப்பிலேயே ஏஜென்ட்டை ஓடவிட்டால் எல்லாம் வீண். கட்டளை அடிக்கும் டெர்மினல் கிடைத்தால் அந்தச் சாவியும் அதற்குக் கிடைத்த மாதிரிதான். அதனால் தனி மெஷின், அந்த ஒரு ரோல் மட்டும்.

அப்புறம் எப்படி அழிப்பது? வேண்டாததாகத் தோன்றும் கோப்புக்கு ஏஜென்ட் 'பரிசீலனை' என்ற டேக் (அடையாளச் சீட்டு) மட்டும் போடும். வேறு மதிப்பு எதையும் போட அதற்கு அனுமதி இல்லை. பட்டியலை நாங்கள் பார்த்து 'சம்மதம்' என்று மாற்றுவோம். அந்த டேக் உள்ள கோப்பை லைஃப்சைக்கிள் விதி அழிக்கும். இங்கே ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். விதியில் 30 நாள் என்று போட்டால் டேக் போட்டதிலிருந்து 30 நாள் என்று அர்த்தமில்லை, கோப்பு உருவான நாளிலிருந்து எண்ணுவார்கள். பழைய கோப்பில் டேக் விழுந்த உடனேயே அது தகுதி பெற்றுவிடும். அவகாசம் வேண்டுமானால் பழைய வெர்ஷன்களுக்கான விதியில்தான் வைக்க வேண்டும். அங்கே எண்ணிக்கை, கோப்பு பழைய வெர்ஷனாக மாறியதிலிருந்து தொடங்கும். நாங்கள் 60 நாள் வைத்தோம்.

நிரந்தரமாக அழிக்கக் கூடுதலாக ஒரு குறியீட்டைக் கேட்கும் எம்எஃப்ஏ டெலீட்டையும் யோசித்தேன். அது இருக்கும் பக்கெட்டில் லைஃப்சைக்கிள் விதி வைக்க முடியாது என்பதால் விட்டுவிட்டேன்.

முதல் பட்டியல் வந்ததும் நானும் தம்பியும் வரிவரியாகப் பார்த்தோம். 'செலக்‌ஷன்_பழையது' என்ற ஃபோல்டர் முழுவதையும் ஏஜென்ட் குறித்திருந்தது. பெயரைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் பெண் வீட்டார் ஆல்பத்துக்குத் தேர்ந்தெடுத்த படங்கள் அதில்தான் இருந்தன. இரண்டாம் முறை தேர்வு நடந்தபோது தம்பிதான் பெயரை மாற்றியிருந்தான். இது ஏஜென்ட்டுக்கு எப்படித் தெரியும்? இன்னொரு இடத்தில் '2019' என்ற ப்ரிஃபிக்ஸை (பெயரின் முன்பகுதி) தேடியபோது '2019-ரீடச்' என்பதும் சேர்ந்து வந்திருந்தது. எஸ்3-இல் உண்மையான ஃபோல்டர் கிடையாது, எல்லாம் பெயரின் முன்பகுதிதான். கடைசியில் சாய்கோடு இல்லாவிட்டால் இப்படித்தான் கலக்கும். அதன்பின் ஒவ்வொரு பரிந்துரைக்கும் கோப்பின் முழுப் பெயர், அளவு, காரணம் மூன்றும் வேண்டும் என்று ஆக்கினோம்.

நகல்களைக் கண்டுபிடிக்க ஏஜென்ட் ஈடேக்கைத்தான் (ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்3 தரும் அடையாளக் குறி) ஒப்பிட்டது. பெரிய வீடியோக்கள் துண்டு துண்டாக ஏறுவதால், உள்ளடக்கம் ஒன்றாக இருந்தாலும் ஈடேக் வேறுபடலாம். அவற்றுக்கு எங்கள் பக்கமே ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் குறி) கணக்கிட்டோம்.

யார் எப்போது என்ன செய்தார்கள் என்று பதிவு வைக்கும் அமேசானின் கிளவுட்ட்ரெயிலில் கோப்பு அளவிலான பதிவு தானாக வராது, அதையும் தனியாக இயக்கினேன். பிறகு பரீட்சையாக, ஆல்பம் மாதிரிகள் இருந்த ஒரு ஃபோல்டருக்குச் சம்மதம் கொடுத்து, அழிந்தபின் மார்க்கர்களை எடுத்துத் திரும்ப வரவழைத்துப் பார்த்தோம். எல்லாம் வந்தன. அதற்குப் பிறகே உண்மையான பட்டியலைத் தொட்டோம்.

பில் உடனே இறங்கவில்லை. பழைய வெர்ஷன்களுக்கும் காசு உண்டு, 60 நாள் தாண்டினால்தான் குறையும். ஸ்டுடியோ முதலாளியிடம் இதை முதலிலேயே சொல்லிவைத்திருந்ததால் அவர் ஒன்றும் கேட்கவில்லை.